திராட்சைத் தோட்டத்துக்குப் போன சனிக்கிழமை

“அந்தக் கொப்பியில அப்பிடி என்னதான் எழுதுறனி?” என்று அருந்தவன் அண்ணா ஒருமுறை கேட்டார்.

அதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மா நான் படம் கீறுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். கேட்டவரிடம் கொப்பியையே கொடுத்துவிட்டேன். என் பக்கம் நடந்த பிழை அது ஒன்றுதான்.

இப்போது எழுதுகிற இது பதினோராவது கொப்பி. இதை யாராவது வாசித்தால், நான் ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆத்திரம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் செய்தேன்.

அண்ணா சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தார். படகில் வந்தவர். பத்து வருடத்துக்கு மேலாகத் தற்காலிக விசாவில் இருந்துகொண்டு செவன் ஹில்ஸில் கதவு செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். அவருடைய அகதிக் கோரிக்கையை ஒருமுறை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு விரிவான வாக்குமூலம் வேண்டும் என்று வழக்கறிஞர் கேட்டபோது அவர் என்னிடம்தான் வந்தார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்றாலும், எங்கள் வீட்டில் நல்ல ஆங்கிலம் எழுதுவது நான்.

“உனக்குத்தான் வாயே இல்லையே, பிள்ளை. உன்னட்டச் சொல்ல எனக்குப் பயமில்லை” என்றார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் குசினி மேசையில் இருந்து எழுதினோம். ஊரில் இராணுவ முகாமில் நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, சேர்ட்டை இறக்கி முதுகைக் காட்டினார். சூட்டுத் தழும்புகள். அவருடைய கண்ணுக்கு எட்டாத இடம். நான் எண்ணிச் சொன்னேன்: ஏழு.

“ஏழெண்டு போடாத. என்னண்டு தெரியும் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? நான் பார்த்ததே இல்லை. கனக்க எண்டு போடு.”

பல தழும்புகள் என்று வாக்குமூலத்தில் எழுதினேன். ஏழு என்பதை என் கொப்பியில் மட்டும் எழுதிவைத்தேன்.

ஏப்ரலில் ரொறன்ரோவிலிருந்து தாட்சாயினி மாமியும் பாஸ்கர் மாமாவும் மகள் வினுஷாவும் வந்தார்கள். வைன் செய்யும் ஊர் பார்க்கவேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சனிக்கிழமை வேலை. அண்ணா வான் வண்டியை ஓட்ட, நானும் கூடப் போனேன்.

நல்ல நாள் என்றுதான் சொல்லவேண்டும். ஹண்டர் பள்ளத்தாக்கில் திராட்சை இலைகள் மஞ்சளாகியிருந்தன. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு ரோசாச் செடி. சீஸ் கடைக்குள் போனோம், சொக்லேட் கடைக்குள் போனோம். யாருக்கும் அவசரம் இல்லை. மாமி ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று படம் எடுத்தார். நான் படங்களில் நிற்கவில்லை.

வைன் சுவைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா சின்னச் சின்னக் கிளாஸ்களில் ஊற்றி வைத்துவிட்டு, வாயில் எடுத்ததைத் துப்புவதற்கு ஒரு வாளியையும் பக்கத்தில் வைத்தார்.

“துப்புறதுக்கோ ரெண்டரை மணித்தியாலம் ஓடி வந்தனாங்கள்?” என்றார் மாமா.

“நீங்கள் விழுங்குற விழுங்கைப் பார்த்தா, நான் வீட்டில தண்ணியே தாறேல்லை எண்டு அவ நினைக்கப் போறா” என்றார் மாமி.

அண்ணா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வான் ஓட்டவேண்டும் என்று தண்ணீர் கேட்டு வாங்கினார். பிறகு அவர் செய்ததை முழு நிதானத்தில்தான் செய்தார்.

மத்தியானம் தோட்டத்து வாங்குகளில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன மீன் ரோல்ஸ் சாப்பிட்டோம். வினுஷா என்னைப் பார்த்து, “ஸோ, நாள் முழுக்க வீட்டில இருந்து நீ என்ன செய்யிறாய்?” என்று கேட்டாள். நான் ரோசாச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ சும்மா இருக்கிறேல்லை, எழுதுறவ” என்றார் அண்ணா. “வகுப்பில நடந்ததைப் பற்றி ஒண்டு எழுதியிருக்கிறா. வாசிச்சா நெஞ்சடைக்கும். நீங்கள் ரீச்சருக்குத்தானே படிக்கிறியள், இவவுக்கு ஏதும் வழி சொல்லுங்கோ.”

“வகுப்பில என்ன நடந்தது?”

அண்ணா சொன்னார். பத்தாம் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் பேச எழும்பினேன், நான்கு நிமிடம் குரல் வரவில்லை, கடைசியில் என் காலடியில் தரை நனைந்தது. வயிற்று வருத்தத்தால் பள்ளியை விட்டதாகத்தான் அம்மாவுக்குக்கூடத் தெரியும். உண்மை கொப்பிக்கு மட்டும் தெரியும்.

வினுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு மேலே கண்கள் சிரித்தன. மாமா நிறையக் குடித்திருந்தார். “அந்த வாளியை வகுப்பில வைச்சிருக்கலாம்” என்றார். “சும்மா இருங்கோப்பா” என்ற மாமியின் தோள்களும் குலுங்கின.

“சிரிக்கிற விசயமில்லை அங்கிள்” என்றார் அண்ணா. அவர் சிரிக்கவில்லை. நான் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள். அதனால் இதையும் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகும் இரண்டு தோட்டங்கள் பார்த்தோம். திரும்பி வரும் வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது அண்ணா என் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினார்.

“கோவமோ பிள்ளை? உன்ர நல்லதுக்குத்தான் சொன்னனான்.”

“இல்லை” என்றேன்.

புதன்கிழமை விசா அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அதே வீட்டில் வசிப்பவர், பெயர் சொல்ல விரும்பாதவர் என்று தொடங்கினேன். இந்த மனிதரின் முதுகில் இருக்கும் ஏழு தழும்புகளும் முகாமில் வந்தவை அல்ல, சிட்னியில் ஒரு கூட்டாளியைக்கொண்டு சூடு வைத்துக்கொண்டவை, இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார் என்று எழுதினேன். சிரித்தார் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அவர் என் கதையை மற்றவர்களுக்குச் சொன்னார். நான் அவர் கதையைச் சொன்னேன். ஒரேயொரு வித்தியாசம், அவர் சொன்னது உண்மை.

ஜூலையில் விசாரணைக்குப் போய்விட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கினம் அன்ரி. முதுகில ஏழு தழும்பு எண்டு எழுதிக் கிடக்காம்.”

“ஏழோ? ஆர் வந்து எண்ணினது?” என்றார் அம்மா.

அவர் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெங்காயம் முழுவதையும் உரித்து முடித்தேன்.

மறுத்துவிட்டார்கள். தீர்ப்பில் பல காரணங்கள் இருந்தனவாம், கடிதம் அவற்றில் ஒன்றுதானாம். ஆகவே எல்லாப் பழியையும் நான் ஏற்கத் தேவையில்லை. அவருடைய ஊரில் யாரோ வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். “இஞ்ச மட்டும் வந்திடாதையடா” என்று அவருடைய தாய் தொலைபேசியில் அழுதது முன்னறைக் கதவைத் தாண்டிக் கேட்டது. அந்தத் திகதியையும் நேரத்தையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அவர் ஊருக்குத் திரும்பிப் போன காலை அம்மா இடியப்பம் கட்டிக் கொடுத்தார். நான் வாசலில் நின்றேன். அன்று தோட்டத்தில் நடந்ததற்கு, போகும்போதாவது என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் மன்னித்திருப்பேன்.

பையைத் திறந்து, முன்பு வாசிக்கக் கொடுத்த என் கொப்பியை எடுத்தார். ஒரு மூலைகூட மடங்காமல் வைத்திருந்தார். அதை என் கையில் தந்தார்.

“போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ, தம்பி” என்றார் அம்மா.

அவர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதைச் சொல்லாமலே படியிறங்கிப் போனார்.