பட்டினிப் பாத்தி

சிக்ரிட்: பேச்ச மாத்தாதீங்க மார்த்தாக்கா. வடக்கு மூலைல என்ன போட்டீங்க?

மார்த்தா: யாரு மாத்தினா... ஏலக்காய் பன்னு ஆறுதுன்னு சொன்னேன். ஸ்வீடன்லயே சூடான பன்ன முன்னாடி வச்சுக்கிட்டு மண்ணப் பத்திப் பேசறவ நீ ஒருத்திதான்.

சிக்ரிட்: பன்னு இருக்கட்டும். என் பட்டினிப் பாத்தில...

மார்த்தா: உன் பாத்தியா? நிலம் எங்களோடது.

சிக்ரிட்: நிலம் உங்களோடது, ஆராய்ச்சி என்னோடது. இருபத்தாறு வருஷமா உரம் இல்ல, சாணி இல்ல. வெறும் பார்லிய வெதச்சு அறுத்துக்கிட்டே இருக்கோம். மண்ணு தனக்குள்ள பூட்டி வச்சிருக்கற பாஸ்பரஸ் சத்த எவ்ளோ காலத்துக்கு வெளிய விடும்னு பாக்கத்தானே இவ்ளோவும்? இப்ப அந்த ஒரு மூலைல மட்டும் எக்கச்சக்கமா இருக்கு.

மார்த்தா: நல்ல விஷயம்தானே...

சிக்ரிட்: என்ன நல்ல விஷயம்? யாரோ வெளியேருந்து கொண்டுவந்து போட்டிருக்காங்க. என்னன்னு நான் சொல்லலன்னா, திங்கக்கிழமை ஆராய்ச்சிக் குழு வந்து பாத்தியையே மூடிடும். என் பாதி ஆயுசு அதுல கிடக்கு.

மார்த்தா: ...நாயா இருக்கும்.

சிக்ரிட்: டுஸ்ஸேவா?

மார்த்தா: அங்க போய்த்தான் காலத் தூக்கும்.

சிக்ரிட்: ஆயுசு பூரா தூக்கினாலும் இவ்ளோ வராது. மேசைக்கு அடில சிவனேன்னு தூங்குது, அது மேல பழி போடாதீங்க.

மார்த்தா: அப்ப பக்கத்துப் பண்ணை ஹொல்கெர். சாணி வண்டிய ஓட்டறப்ப அவனுக்குக் கண்ணு மண்ணு தெரியாது.

சிக்ரிட்: சாணில இருக்கற பாஸ்பரஸ் வேற ரகம்.

மார்த்தா: அதுல ரகம் வேறயா?

சிக்ரிட்: வருஷா வருஷம் இதே மேசைல உக்காந்து அதத்தானே சொல்றேன்.

மார்த்தா: என் வீட்டுக்காரர் யோஸ்தாதான் கேட்டுக்கிட்டு இருப்பாரு. நான் பாத்திரம் கழுவிட்டு இருப்பேன்.

சிக்ரிட்: இப்ப கேளுங்க. சிலது பயிரு கேட்ட உடனே குடுத்துடும். சிலது இரும்போட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கும். சிலது சுண்ணாம்போட சேந்து கல்லா இறுகிக் கிடக்கும். உங்க மூலைல இருக்கறது அந்தக் கல்லு ரகம்.

மார்த்தா: சரி... சொல்லிடறேன். அடுப்புச் சாம்பல். பிர்ச் மரத்து விறகு, நல்லா காஞ்சது. ஒரு வாளி கொட்டினேன். தப்புதான்.

சிக்ரிட்: விறகுச் சாம்பல்னா கூடவே பொட்டாசியமும் ஏறியிருக்கும். ஏறல.

மார்த்தா: உங்கிட்ட ஒரு பொய்யக்கூட நிம்மதியா சொல்ல முடியல.

சிக்ரிட்: மண்ணச் சலிச்சப்ப வெள்ளவெள்ளயா துணுக்கு கிடைச்சுது. எலும்பு... தீயில வெந்த எலும்பு.

மார்த்தா: இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டுமா?

சிக்ரிட்: யோஸ்தாண்ணனா?

மார்த்தா: ...அவராத்தான் கேட்டாரு. "அந்த மண்ணு என் கண்ணு முன்னாடியே பட்டினி கிடக்குது, கடைசில நானாவது அதுக்கு ஒரு வாய்ச் சோறு ஆகறேன்"னாரு.

சிக்ரிட்: எனக்கு வாக்கு குடுத்திருந்தாரே. உயிரோட இருக்கற வரைக்கும் ஒரு சிட்டிகை உரம் விழ விடமாட்டேன்னு...

மார்த்தா: விட்டாரா? இருந்த வரைக்கும் ஒரு சிட்டிகை விழல. அப்பறம்தான் விழுந்தாரு.

சிக்ரிட்: சிரிக்க வைக்காதீங்க. அரசாங்க அனுமதி இல்லாம அஸ்தியக் கண்ட இடத்துல வைக்கக்கூடாதுன்னு தெரியும்ல?

மார்த்தா: ஆராய்ச்சி நிலம். கேட்டா உங்கிட்டதான் அனுப்புவாங்க. நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப.

சிக்ரிட்: சொல்லியிருப்பேன்.

மார்த்தா: அதான் கேக்கல. ...பயிருக்காவது பிரயோஜனமா இருக்காரா?

சிக்ரிட்: உடனே ஒண்ணும் கிடைக்காது. வேரு கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டா துளித் துளியா குடுப்பாரு.

மார்த்தா: அவரேதான்.

சிக்ரிட்: வச்ச இடத்த விட்டு ஒரு அடி நகரவும் மாட்டாரு.

மார்த்தா: சத்தியமா அவரேதான். ...உனக்கு வரும்போதே தெரியுமா?

சிக்ரிட்: துணுக்கப் பாத்தப்பவே தெரியும். வழில கார ஓரமா நிறுத்தி அழுதுட்டுத்தான் வந்தேன். உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்.

மார்த்தா: கள்ளி... நாயி, சாணின்னு எவ்ளோ நேரம் அலைய விட்ட. சரி, குழுகிட்ட என்ன சொல்லுவ?

சிக்ரிட்: உள்ளதச் சொல்றேன். எலும்பு ரகம், மூலையத் தாண்டி நகரல, மத்த பாத்தி சுத்தமா இருக்கு. அந்த மூலைய வேலி போட்டு ஒதுக்கிடறேன். பாத்தி பொழச்சிடும்.

மார்த்தா: யாரு எலும்புன்னு கேட்டா?

சிக்ரிட்: இந்த ஆராய்ச்சிக்கு ரொம்ப காலமா ஒத்துழச்சவர்னு சொல்றேன்.

மார்த்தா: ...வேலிய கொஞ்சம் அகலமாப் போடு, சிக்ரிட்.

சிக்ரிட்: எதுக்கு?

மார்த்தா: நான் மட்டும் எங்க போவேன்?

சிக்ரிட்: ...போடறேன்க்கா. ...ஒரு நிமிஷம். ஒரு பிடிதான் இங்க போட்டீங்கன்னு நினைச்சேன், முழுசுமா இங்க? அப்ப சர்ச் தோட்டத்துல? பாதிரியார் ஜெபம் பண்ணி, நாங்கள்லாம் பாட்டுப் பாடி, அஸ்திக் கலசத்தக் குழிக்குள்ள இறக்கினோமே... நான் மண்டி போட்டு அழுதேனே... அதுல என்ன இருந்துச்சு?

மார்த்தா: அதான் அப்பவே சொன்னேனே, பிர்ச் விறகுச் சாம்பல்னு. இடத்ததான் மாத்திச் சொன்னேன். நீ அழுத அழுகைல எனக்குச் சிரிப்பு தாங்கல. கைக்குட்டைல மூஞ்சப் பொத்திக்கிட்டேன்... பாதிரியார் வந்து எனக்கு ஆறுதல் வேற சொன்னாரு.