தீப்பெட்டிக்குள் ஓர் ஈ

"என் மாட்டக் கடிக்கிற ஈ இந்தப் படத்துல இல்ல."

பிரிக்பீல்ட்ஸ் சுகாதார அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பால்காரம்மா இப்படிச் சொன்னதும் மேசையில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, கிராணி, நிமிர்ந்து பார்த்தார். அவர் மேசைமேல் ஓர் ஈயின் புகைப்படமும், அவளுடைய மாட்டுக் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லும் கடுதாசியும் கிடந்தன.

"வீட்டு ஈதாம்மா. உன் கொட்டாய்ச் சாணியில பெருகுது. டாக்டரே படத்தப் பாத்துச் சொல்லிட்டாரு."

"மேலேருந்து புடிச்ச படத்துல எல்லா ஈயும் ஒண்ணுதான் ஐயா. வாயப் பாக்கணும். வீட்டு ஈ நக்கும். இதுக்கு ஊசியாட்டம் மூக்கு, குத்தி ரத்தம் குடிக்கும். மூத்திரம் ஊறி மக்குன வைக்கோல்ல பொறக்குது. பக்கத்துல வெள்ளக்காரத் தொரைங்க குதிர லாயத்துல அந்த வைக்கோலு மலையாட்டம் கெடக்கு. கடுதாசிய அங்க கொண்டுபோய்க் குடுங்க."

"டாக்டரவிட உனக்குத் தெரியுமோ? போய்க் கொட்டாயப் பிரி."

அவள் மடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். உள்ளே ஏதோ விர்ரென்றது. அதை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்து மெல்லத் திறக்கப் போனாள். கிராணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் ஐயா இழுக்குறீங்க? வீட்டு ஈதானே?"