என் கைபட்ட வீல்

பழைய காருக்கு அலாய் வீல் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வேண்டாம் என்பதுதான். கடலூர் முதுநகரில், சிதம்பரம் ரோட்டின் மேலேயே இருபது வருஷத்துக்கு மேலாக டயர் கடை வைத்திருக்கிறேன் சார். பள்ளத்தில் விழுந்தால் இரும்பு வீல் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் வீல் விரிசல் விடும். அழகைத் தவிர பழைய வண்டிக்கு அதனால் பெரிய பிரயோஜனம் கிடையாது. இதை என் மாப்பிள்ளை தமிழ்வேந்தனிடமும் சொன்னேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை தீபிகாவின் கணவர். சிதம்பரத்தில் இருந்தார்கள். எனக்கும் தீபிகாவுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து காலேஜில் சேர்த்தது வரை நான்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோன்றவில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள். நான் தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கி வைப்பேன். அவள் குழம்பு வைப்பாள், நான் சேர்த்து வைத்திருக்கும் அழுக்குத் துணியைப் பார்த்துத் திட்டுவாள், சாயங்காலம் கிளம்பிவிடுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. தீபிகாதான் போனில் சொன்னாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. நல்லதும்மா என்றேன். அன்றைக்கும் கடையைத் திறந்து, வந்த வண்டிகளை வழக்கம்போலப் பார்த்து அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரை நேராகக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

"வண்டி கெழவி மாதிரி இருக்கு மச்சான். ஓசூர்ல ஆபீஸ் வாசல்ல நிறுத்தணும்ல. செகண்ட் ஹேண்ட்ல, கையக் கடிக்காம எதுனா நல்ல வீலா பாத்துக் குடுங்க."

"கெழவிக்கு எதுக்குக் கொலுசு?" என்றாள் தீபிகா.

"நீ சும்மா இரு. கெழவி உன்னியவிட ஒழுங்கா சொன்ன பேச்சு கேக்குது."

கடையில் அவர் வண்டிக்கு ஆகிற மாதிரி சிலது இருந்தன. முதலில் அவருக்குப் பிடித்தது அளவு பெரியது. திருப்பும்போது மட்கார்டில் உரசும். அதைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இன்னொன்று தங்கக் கலர். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்று தீபிகா சிரித்தாள். மிச்சமிருந்தது வெள்ளிக் கலர். ஓட்டை, அளவு எல்லாம் சரியாகப் பொருந்தும். ஆனால் மூன்றுதான் கீழே அடுக்கியிருந்தது.

"அதோ வாசல்ல தொங்குதே மச்சான், அதுவும் இதே டிசைனுதான. நாலும் சேந்துடுச்சு பாருங்க."

வாசலில் தொங்கியது அந்த செட்டின் நாலாவது வீல். உள் விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. போன மழைக்காலத்தில், வேலை இல்லாத ஒரு நாளில் வெல்டிங் வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். ஓட்டுவதற்கு அல்ல, கடைக்கு அடையாளமாக மாட்டி வைப்பதற்கு. விளிம்பில் வெல்டிங் வைத்த வீலை நான் எந்த வண்டிக்கும் மாட்டியதில்லை. மற்ற மூன்றையும்விட அதுதான் பளபளப்பாக இருந்தது.

ஆமாம் மாப்ள, நாலும் இருக்கிறது என்றேன். கொக்கியிலிருந்து நான்தான் அதை இறக்கினேன்.

பழைய வீலை வாங்குகிறவர்களுக்கு நாங்கள் தட்டிக் காட்டுவோம். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்து, ஸ்பேனரால் ஒரு தட்டு. நல்ல வீல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் பட்டது மொத்தென்று அடங்கிவிடும். தீபிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்தக் கடையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காதாலேயே நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். மூன்றைத் தட்டிக் காட்டினேன். பிறகு டயர் மாட்ட ஆரம்பித்தேன்.

"ஏண்ணா, அந்த நாலாவத தட்டவே இல்லியே."

"அது என் கைபட்ட வீலும்மா."

அவள் தலையாட்டினாள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்கு மேல் கேள்வி கிடையாது. சைக்கிள் செயின், மின்விசிறி, அவள் செருப்பு வார், எதுவானாலும் அண்ணன் கைபட்டதா என்று மட்டும் கேட்பாள். பட்டது என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு போவாள். நான் பொய் சொல்லவில்லை சார். அதில் என் கை பட்டிருந்தது.

வலது முன்பக்கம், டிரைவர் பக்கம் மாட்டுவதற்குத்தான் அதை உருட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளைதான் தடுத்தார்.

"மச்சான், அத இந்தாண்ட மாட்டுங்க. அதான் பளபளன்னு இருக்கு. ஓரமா நிறுத்துனா ஜனங்க பாக்குறது லெஃப்ட் சைடுதான."

இடது முன் சீட்டில் தீபிகா உட்காருவாள். நான் வீலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

"இன்னா மச்சான், வெயிட்டு ஜாஸ்தியா? நான் ஒரு கை புடிக்கட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். இடது பக்கம்தான் வேண்டுமென்றால் பின்னால் மாட்டியிருக்கலாம். முன்சக்கரம் போனால்தான் வண்டி கைக்கு அடங்காது. முன்னால் மாட்டினேன். நட்டுகளை நன்றாக இறுக்கினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

அன்றைக்குச் சிதம்பரம் வரை சௌகரியமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். வண்டி பிரமாதமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை போன் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஓசூர் போவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிக்கொள்ளக் கிளம்பி வந்தார்கள். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், பாலத்தில் ஏறும் இடத்துத் தூக்கலில் இடித்து வீல் உடைந்தது. இடது பக்கம் இழுத்த வண்டியை மாப்பிள்ளை பதறிப்போய் வலது பக்கம் ஒடித்திருக்கிறார். எதிரே கரும்பு டிராக்டர். அவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டார். தீபிகாவுக்கு முதுகெலும்பில் அடி.

நான் எப்போதும் மூன்று பேருக்கு மீன் வாங்குவேன். அன்று காலையில் இரண்டு பேருக்குத்தான் வாங்கினேன். ஏன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஒரு கால் முறிந்தால் போதும், ஓசூர் வேலை கைவிட்டுப் போகும் என்று நினைத்ததாக முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை, மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கால் மட்டும் முறிய வேண்டுமானால் வண்டி மெதுவாகப் போக வேண்டும். அந்த ரோட்டில் யாரும் மெதுவாகப் போவதில்லை. அவர் சாவார் என்று எனக்குத் தெரியும். வீல் அவள் பக்கம் மாறிய பிறகு, அவளும் சாகலாம் என்று தெரியும். தெரிந்துதான் இறுக்கினேன்.

தீபிகா நேற்று உங்களிடம் பேசியதாகச் சொல்கிறீர்கள். என் பெயரைச் சொன்னதாகவும் சொல்கிறீர்கள். இருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த நாளாக என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையின் வேகம் என்று நினைத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. புண் வந்துவிடாமல் அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நான் தொட்டதும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது. ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். போட்டதும் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் சார். அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.