தலகாணியும் இடது காலும்

குளுவாங் ஸ்டேஷனில் ரயிலேறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள், ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் ஒரு கிராணியும் அவர் மனைவியும். அவருக்கு நாற்பது வயதிருக்கும். அரைக்கால் சட்டை, மடியில் ஹாக்கி மட்டை, முழங்காலில் மஞ்சள் பற்று.

"ராத்திரி தூக்கத்துல மூணு தடவை என்னை உதைச்சீங்க" என்றாள் மனைவி. நான் பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஐயோ! எந்தக் காலால?"

"இடது."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? ஹாக்கியில கோல் கீப்பரா நின்னா அந்தக் கால் நகரவே மாட்டேங்குது. டீமுக்கு ஆள் குறையுதுன்னு தோட்டத்துத் துரை இந்த வயசுல என்னைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. போன வாரம் ஆறு பந்தும் அந்தப் பக்கமாத்தான் உள்ள போச்சு."

"தலகாணி ரெண்டையும் பிரிச்சு உங்க காலுக்குக் கட்டு தைச்சேனே, அப்புறமுமா பயம்?"

"பந்தைப் பார்த்தாலே கண்ணு மூடிக்குது." அவள் பக்கம் திரும்பி, "வலிச்சுதா?" என்றார்.

"வலிக்காம?"

"எழுப்பியிருக்கலாமே."

அவள் ஜன்னல் வழியே ரப்பர் மரங்களைப் பார்த்தாள். "எழுப்பத்தான் கை நீட்டினேன். தூக்கத்துலயாவது ஒரு பந்தைத் தடுக்கட்டும்னு விட்டுட்டேன்."