கெளுத்திக்குப் போகும் மீன்

கேக்குதா, அந்தச் சத்தம்? இல்ல தம்பி, இப்பவே அண்ணாந்து பார்க்காதீங்க, கழுத்துதான் வலிக்கும். முதல்ல சத்தம் மட்டுந்தான் வரும். அலையாத்தி மரங்களுக்கு அந்தப் பக்கம் யாரோ மாவு மில்லு ஓட்டுற மாதிரி. அப்புறம் நான் புகையில போட்ட இந்த வரிசை மீனைத் திருப்பிப் போட்டு முடிக்கிறப்பதான் ஹெலிகாப்டர் கண்ணுல படும். இந்நேரம் இந்தத் தெருவுல பாதி வீட்டுல அடுப்பு பத்த வெச்சிருப்பாங்க. இன்னைக்குக் கடல்ல இருந்து ஆம்பளைங்க இறங்குற நாள். சத்தம் கேட்டதும் வாழைக்காயை உரிச்சு எண்ணெய்ல போட்டா, அவன் வீட்டு வாசல்ல பையைப் போடுறப்ப சரியா வெந்திருக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரல. காதுக்கும் கைக்கும் அதுவே பழகிருச்சு.

நானா? நான் எதுக்கு வாழைக்காய்க்குப் பத்த வெக்கணும். எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு இறங்குற ஆள் இல்ல, நாளைக்கு ஏறுற ஆள். சிகரெட் வாங்கக் கடைப்பக்கம் போயிருக்கார், வந்துருவார். உங்க டிரைவர் சரியாத்தான் அனுப்பியிருக்கான். கடல்ல எண்ணெய் ரிக்ல வேலை பார்க்குற எங்க ஒகூலாகிட்டப் பேசணும்னா இங்கதான் வரணும். அந்த மரப்பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காருங்க. புகை அந்தப் பக்கந்தான் போவுது, உங்க வெள்ளைச் சட்டைக்கு ஒண்ணும் ஆகாது. காப்பி ஊத்தட்டுமா? பால் டின்னுப்பால்தான்.

ஆக, தலைநகர் லிப்ரவில்ல இருந்து பிளேன் ஏறி வந்து, நம்ம நாட்டு எண்ணெய் இனிமே என்ன ஆகும்னு எழுதப் போறீங்க. நல்ல வேலை. எங்க ஊரு போர்ஜான்டியில அதைப் பத்திச் சொல்லாத ஆளே கிடையாது, என்ன, யாரும் எழுதி வெக்கல. சலூன்காரன் சொல்லுவான், ஆழக்கடல்ல தோண்டத் தோண்ட வரும்னு. பக்கத்துலயே மீன்காரி சொல்லுவா, எல்லாம் வழிச்சு நக்கியாச்சுன்னு. பெரிய கம்பெனி பழைய கிணத்தையெல்லாம் வித்துட்டுக் கிளம்பினப்ப ஊரே இழவு வீடு மாதிரி இருந்துச்சு. அப்புறம் சின்னக் கம்பெனி ஒண்ணு வாங்குச்சு. பிழிஞ்ச எலுமிச்சம்பழத்தை வாங்கி, இன்னும் ரெண்டு சொட்டு வரும்னு உக்காந்து பிழியுறாங்க. வருதா? வருதுன்னா சொல்றீங்க? சரி, படிச்சவங்க சொன்னா சரிதான்.

கிணத்துக்கெல்லாம் மீன் பேரு வெச்சாங்க பாருங்க. சுறா, விலாங்கு, திருக்கைன்னு. அந்த மீனெல்லாம் கோவிச்சுக்கிட்டு அங்கோலா பக்கம் போயிருச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். அவர் ரிக்குக்குப் பேரு கெளுத்தி.

உங்க புருவம் ஏறுது தம்பி. பார்த்துட்டேன். பரவாயில்ல, காப்பியைக் குடிங்க, ஆறிப்போகும். நான் சொல்லிக்கிட்டே வர்றேன்.

அங்க நீலக் கதவு தெரியுதே, அது ஒனொரின் வீடு. அவ புருஷன் பாசில் இப்ப அந்த ஹெலிகாப்டர்லதான் உக்காந்திருப்பான். ஆழக்கடல் ரிக்ல இருக்கான். அவனும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க. நாலு வாரம் கடல், நாலு வாரம் வீடு. அப்பல்லாம் இவர் வீட்டுல இருக்குறப்ப அவன் கடல்ல இருப்பான். அதனால எனக்கும் ஒனொரினுக்கும் ஒரே நேரத்துல புருஷன் இருந்ததே கிடையாது. என் வீட்டுல வாழைக்காய் பொரிஞ்சா அவ வீட்டுல துணி ஊறும். எனக்கு அவ மேல பொறாமை. மறைச்சு என்ன ஆகப் போவுது. அவ வீட்டு டைல்ஸுக்கு இல்ல, ரெண்டு கதவு ஃபிரிஜ்ஜுக்கு இல்ல. அதெல்லாம் ஒரு காலத்துல பட்டாச்சு, சலிச்சாச்சு. இப்ப அவ புருஷன் கத்துறானே, அதுக்குத்தான்.

சிரிங்க, சிரிங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த ரிக்ல ராப்பகலா மெஷின் ஓடும். பக்கத்துல நிக்குறவன்கிட்டயும் கத்தித்தான் பேசணும். அந்தப் பழக்கத்தோட வீட்டுக்கு வருவாங்க. முதல் ரெண்டு நாள் உப்பு எங்கன்னு கேக்குறதும் கத்தல்தான். கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் இல்லாம கஷ்டமா இருந்துச்சான்னு கேக்குறதும் கத்தல்தான். தெருவே கேக்கும். வெக்கமாப் போயி அவங்க வாயைப் பொத்துவோம். கிணத்தடியில பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க, என்னடி, கஷ்டமா இருந்துச்சான்னு. ஒகூலா குரல் அதுல பெரிய குரல். அவர் வந்துட்டார்னு துறைமுகத்துல சொல்ல வேண்டியதில்ல, நாலு தெருவுக்குத் தெரிஞ்சிரும்.

இப்ப அவர் வர்றப்ப மெதுவாப் பேசுறார்.

ஆமா, அவ்வளவுதான் விஷயம். வாசல்ல பையை வெச்சுட்டு, எப்படி இருக்கேன்னு கேட்டார். கோயில்ல கேக்குற மாதிரி. நாலு வாரம் மெஷினுக்குப் பக்கத்துல இருந்த மனுஷன். நான் விளையாட்டுக்குக் கேக்குற மாதிரி, என்ன, கம்பெனி புது மெஷின் வாங்கிருச்சா, சத்தமே போடாததுன்னு கேட்டேன். சட்டையைக் கழட்டிக்கிட்டுக் குளிக்கப் போயிட்டார். அடுத்த தடவை வந்தப்ப வாசல்ல நின்னு ஒரு கத்து கத்தினார் பாருங்க, கோழி வேலி தாண்டிப் போயிருச்சு. ஆனா காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மறந்துட்டார். மறுபடியும் மெதுவா. பாவமாக்கூட இருந்துச்சு. நாலு வாரமா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து மெல்லப் பேசிப் பழக்கியிருந்தாத்தான் அப்படி வரும். அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல தம்பி, இத்தனை வருஷத்துல. எனக்குன்னு வந்தது எல்லாம் கத்தல். நல்ல குரல் வேற எங்கயோ செலவாகுது.

ம்? இல்ல, அழல. புகை.

இன்னொண்ணு, தீயைப் பத்திக் கேளுங்க. சாயந்திரம் இந்தக் கரையில நின்னா, கெளுத்தியில கிணத்து வாயுவை எரிக்கிற தீ அதோ அந்தப் படகுக்கு நேரா தெரியும். சின்னதா, தீப்பெட்டிக் குச்சி மாதிரி. இவர் கடல்ல இருக்குற நாள்ல நான் அதைப் பார்த்துட்டுத்தான் கதவைச் சாத்துவேன். போன மழைக்கு அது அணைஞ்சு போச்சு. வந்ததும் கேட்டேன், என்ன உங்க கடல் வீட்டுல விளக்கைக் காணோம்னு. அதுக்கு அவர் சொன்னார், இனிமே வாயுவை வீணா எரிக்க மாட்டாங்க, குழாய்ல கொண்டு வந்து சிலிண்டர்ல அடைக்கப் போறாங்க, இதான் நாட்டோட எதிர்காலம்னு. அழகாச் சொன்னார். நீங்க எழுதுறதும் அதானே? பாத்தீங்களா. எதிர்காலம்னு ஒண்ணு இருந்ததால பொய் சொல்றது எவ்வளவு சுலபமாப் போச்சு. நான் அதை நம்பி ஒனொரின்கிட்டப் போயி, உன் புருஷன் ரிக்ல இன்னும் எரிச்சுக்கிட்டு இருக்காங்களாமே, எங்களது புது முறைன்னு பீத்திக்கிட்டேன். அவ என்னைப் பார்த்த பார்வை. வீட்டுக்குள்ள போயி ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டு வந்து கொடுத்தா. எதுக்குன்னு அப்பப் புரியல.

அப்புறம் ஒரு தடவை இவர் கண்ணாடியை மறந்து வெச்சுட்டுக் கிளம்பிட்டார். படிக்கிற கண்ணாடி. கெளுத்தி கரைக்குக் கிட்டக்க, அதுக்குப் படகுதான். ஏறுறதுக்குள்ள கொடுத்துரலாம்னு கம்பெனித் துறைக்கு ஓடினேன். கேட்டுல இருந்தவர் வயசானவர், நல்ல மனுஷன். கெளுத்திக்கா, அங்க இப்ப கடல்காக்கா மட்டுந்தாம்மா ட்யூட்டி பார்க்குதுன்னார். சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். நான் கண்ணாடியை எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். ஆமா. நீங்க காப்பி கையில எடுத்ததுல இருந்து எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கீங்களே, அது எனக்குத் தெரியும். கெளுத்தியை மூடிட்டாங்க. தெருவுக்கே தெரியும்.

எங்க போறார்னா கேக்குறீங்க? ஆத்துல மேல போறார். படகுல, லம்பரேனேங்கிற ஊர்ப் பக்கம். யாரும் சொல்லல, பூட்ஸ் சொல்லுச்சு. அடியில செம்மண். இந்தத் தீவு முழுக்கத் தோண்டினாலும் உங்களுக்கு வெள்ளை மணல்தான் கிடைக்கும், ஒரு கைப்பிடி செம்மண் கிடைக்காது. கடல் நடுவுல மட்டும் எங்க இருந்து வரும்? நான் அதைக் குச்சியால குடைஞ்சு எடுத்து, பூட்ஸைக் கழுவி, வெயில்ல காய வெச்சேன். திட்டிக்கிட்டேதான் கழுவினேன். ஆனா கழுவினேன்.

இந்த மீன் எதுக்குன்னு கேக்கலையே நீங்க? அவருக்குத்தான். நாளைக்கு எடுத்துட்டுப் போக. அந்தக் காலத்துல ரிக்ல சாப்பாடு நல்லா இருக்கும், இறைச்சி, ரொட்டி, ஐஸ்கிரீம் எல்லாம். நான் கட்டிக் கொடுக்குற மீன்ல பாதி அப்படியே திரும்பி வரும், சுத்தின துணி எண்ணெயும் செதிலுமா நாறும். இப்ப பை காலியா வருது. துணி துவைச்சு, நாலா மடிச்சு, இஸ்திரிப் பெட்டி போட்டு வருது. அவர் பெட்டி போடுவார்னா நினைக்கிறீங்க? ஒகூலாவுக்குச் சட்டைக் கையை எங்க விடணும்னே நான்தான் காட்டணும்.

இப்பச் சொல்லப் போறதை மட்டும் உங்க லேப்டாப்புல ஏத்தாதீங்க. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க யாரும் பாத்திரத்தைக் காலியாத் திருப்பித் தர மாட்டாங்க. உங்க அம்மாவும் தந்திருக்க மாட்டாங்க. ஒரு பிடி நிலக்கடலை, ரெண்டு எலுமிச்சம்பழம், எதுவும் இல்லைன்னா கொஞ்சம் உப்பாவது போட்டுத்தான் தருவாங்க. போன தடவை மடிச்ச துணியை விரிச்சேன். உள்ள ஒரு துண்டு ஒடிகா. காட்டு மாங்கொட்டை இடிச்சுக் கட்டின ஒடிகா, கரேல்னு, வாசனையோட. இவருக்குத் தெரியாது, தன் பையில என்ன இருக்குன்னு அவர் என்னைக்குப் பார்த்தார். எனக்கும் அங்க இருக்குறவளுக்கும் நடுவுல அந்த மனுஷன் தபால்காரர் மாதிரி போயிட்டு வர்றார்.

தூக்கிக் கடல்ல வீசலாம்னுதான் போனேன். வீசல. குழம்புல போட்டேன். நல்லா இருந்துச்சு தம்பி. அதான் எரிச்சல். என் கையில அந்தப் பக்குவம் வந்ததே இல்ல. இவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, மெதுவா, நல்லாயிருக்குன்னு சொன்னார். அன்னைக்கு ராத்திரி ஏன் நாம ஒரு பிடி விஷத்தை மீன்ல தடவி அனுப்பக் கூடாதுன்னு தோணுச்சு. காலையில எழுந்து கூடக் கொஞ்சம் மிளகு தடவினேன். அவளுக்குக் காரம் ஒத்துக்குதான்னு தெரியல.

அவர்கிட்டயே கேட்டுரலாம்தான். கேட்டா அவர் ஒரு பக்கம் நிக்கணும். இப்ப எனக்கு நாலு வாரம் இருக்கு. கடலுக்குப் பங்கு கொடுத்துப் பழகின பொம்பளை நான், நாலு வாரம் எனக்குப் புதுசில்ல. கேட்டுட்டா எந்த நாலு வாரம் மிஞ்சும்னு எனக்கு உறுதியாத் தெரியல. ஊருக்குத் தெரியுறது வேற, எழுத்துல வர்றது வேற. ஊருக்குத் தெரிஞ்சா எல்லாரும் பேசாம இருந்துக்கலாம். எழுத்துல வந்தா, அவர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்து படிப்பார். நானும் பக்கத்துல இருப்பேன். அப்புறம் யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லித்தானே ஆகணும்.

அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். பழைய கிணறு பத்தி எழுதுங்க, புதுசு பத்தி எழுதுங்க, நாடு நல்லாயிருக்கும்னோ நாசமாப் போகும்னோ எது தோணுதோ எழுதுங்க. கெளுத்தி பேரை மட்டும் விட்டுருங்க. எழுதித்தான் ஆகணும்னா, கொஞ்சமா வருதுன்னு எழுதுங்க. பொய் இல்லையே. எனக்குக் கொஞ்சமா வந்துக்கிட்டுத்தானே இருக்கு.

அதோ, சிவப்புத் தொப்பி. அவர்தான். உங்களைப் பார்த்துட்டுக் கையை ஆட்டுறார் பாருங்க. கடலைப் பத்திக் கேளுங்க, அலையைப் பத்திக் கேளுங்க, சளைக்காமச் சொல்லுவார். இருபது வருஷம் அங்க இருந்தவர், அதெல்லாம் பொய் கிடையாது. அந்தச் சாம்பல் பக்கம் கொஞ்சம் நகர்ந்துக்கங்க. இந்த வரிசை ஒரு பக்கம் வெந்துருச்சு, திருப்பிப் போடணும்.