கிறிஸ்மஸ் கோலம்

ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி. அவள் மடியில் காகித நட்சத்திரம். அவன்தான் ஆரம்பித்தான்.

"கிறிஸ்மசுக்கு வாசல்ல நீ கோலம் போடு. வர்ற பாஸ்டர் கேட்டா, நான்தான் போட்டேன்னு சொல்லிடுறேன்."

"நீங்க போட்டா மாவு கொட்டிருச்சுன்னுதான் நெனைப்பாரு லா."

"ஞானஸ்நானம் எடுத்ததுலேருந்து நீ போடவே இல்லையே. யாராச்சும் வேணாம்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. இவ இன்னும் பழசையே விடலன்னு உங்க வீட்டுல நெனைச்சிருவாங்களோன்னு நானாத்தான் விட்டுட்டேன்."

"பயந்துகிட்டே இருக்கவா ஆண்டவர்கிட்ட வந்த?"

அவள் வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா மொத தடவ நம்ம வீட்டுக்கு கிறிஸ்மசுக்கு வராங்க. நல்ல நாளுல வாசல் வெறுமனே கெடந்தா, துக்க வீடுன்னு அவங்களுக்கு மனசு கஷ்டப்படும்."

"அப்ப போடு. இந்த நட்சத்திரத்தையே போடு. இனிமே வருஷா வருஷம் நம்ம வீட்டுப் பழக்கம் அதுதான்."

அவள் நட்சத்திரத்தின் முனைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"சரி. ஆனா புள்ளி நீங்க வைங்க. பாஸ்டர்கிட்ட சொல்றது முழுப் பொய்யா இருக்கக்கூடாது."