பத்தாவது பிள்ளை

முருகதாஸ்: ...எனக்க மக அழுதாளா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க டீச்சர்.

லீமா: அழல்ல அண்ணாச்சி. நீங்க போனதும் கொஞ்ச நேரம் வாசலப் பாத்துட்டு நின்னா. அப்புறம் தாணம்மாக்காவுக்க முந்தானையப் பிடிச்சுட்டு சமையல்கட்டுக்குப் போயிட்டா.

தாணம்மாள்: பிடிச்சதோட விட்டாளா? நான் அரிசி களையுகேன், அவ பக்கத்துல நின்னு ஒவ்வொரு மணியா எண்ணுகா. இன்னைக்கு இந்த அங்கன்வாடியில சோறு பொங்கின மாதிரிதான்னு நினைச்சேன்.

முருகதாஸ்: எண்ணினாளா? வாயத் தொறந்தாளா?

தாணம்மாள்: வாய மூடினாளான்னு கேளும்.

லீமா: என்ன அண்ணாச்சி, கண்ணத் தொடைக்கிய? அந்த ஸ்டூல்ல இரிங்க. தண்ணி குடிக்கியளா?

முருகதாஸ்: வேண்டாம் டீச்சர். ஒண்ணுமில்ல... மூணு மாசமா அஸ்வதி வீட்டுல ஒரு வார்த்தை பேசல்ல. நான் வேன் ஓட்டுத இங்கிலீஷ் ஸ்கூல்லதான் மொதல்ல சேத்தேன். டிரைவருக்க பிள்ளைக்கிப் பாதி பீஸு. அங்க தமிழ் பேசினா வாயில விரல் வச்சு நிக்கணும். மூணு வயசுல இங்கிலீஷுக்கு எங்க போவா? பேச்சையே நிப்பாட்டிட்டா.

தாணம்மாள்: கெட்டிக்காரி. அந்தா பாரும், முட்டையப் பிச்சு பக்கத்துப் பிள்ளைக்கிக் குடுக்கா.

முருகதாஸ்: வீட்டுல எனக்கே தர மாட்டா.

தாணம்மாள்: உமக்க மீசையக் கண்டா யாரு தருவா டிரைவரே?

லீமா: இங்க சேத்தது ஸ்கூல்ல தெரியுமா?

முருகதாஸ்: தெரிஞ்சா வண்டிச் சாவிய வாங்கிருவாவ. நம்ம டிரைவருக்கே நம்ம ஸ்கூல் பிடிக்கல்லன்னு நாலு பேரு சொன்னா அவியளுக்கு நட்டந்தானே. காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க யாருட்டயும்...

தாணம்மாள்: நாங்க யாருட்டச் சொல்லப் போறோம்? நீரு இன்னைக்கி எங்களுக்குத் தெய்வமாக்கும். எட்டு ஒம்பதாச்சுல்லா.

முருகதாஸ்: என்ன எட்டு, ஒம்பது?

லீமா: பிள்ளையளுக்க எண்ணிக்கை. நாளைக்கி ஆபீஸ்ல இருந்து மேடம் எண்ண வாறாவ. பத்துக்குக் கொறஞ்சா இத மூடிட்டு, நாலுவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள அங்கன்வாடியோட சேத்திருவாவளாம்.

முருகதாஸ்: அது எதுக்கு?

லீமா: செலவு. எட்டு பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா, கட்டட வாடகை, சிலிண்டர்... சர்க்காருக்குக் கட்டுப்படியாகல்லன்னு...

தாணம்மாள்: ரோடு போட்டது கட்டுப்படியாச்சு. முட்டைதான் கட்டுப்படியாகல்ல.

லீமா: அக்கா...

தாணம்மாள்: இல்ல, கேக்கேன். லாரியும் பஸ்ஸும் பறக்கித ரோட்டத் தாண்டி எந்த அம்மை கொண்டு விடுவா? எல்லாவளும் விடியக்கால முந்திரி ஆபீசுக்குக் கொட்டை உடைக்கப் போறவ. பிள்ளையள வீட்டுல வச்சுப் பூட்டிட்டுத்தான் போவாளுவ.

முருகதாஸ்: அப்போ இன்னும் ஒண்ணு வேணும்.

தாணம்மாள்: ஒரே ஒண்ணு. அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். டீச்சருக்குந் தெரியும்.

லீமா: பருப்பு அடி பிடிக்கப் போவுது அக்கா. போய்ப் பாருங்க.

தாணம்மாள்: பருப்ப எப்பமோ எறக்கியாச்சு.

முருகதாஸ்: எனக்க வேன்ல ஒரு பய உண்டு டீச்சர். அவன மாதிரி பயலுவ இங்கதான் இருக்கணும். வட்டக்கோட்டை ஸ்டாப்புல ஏறுவான். லிஜோன்னு பேரு.

லீமா: ...அவனுக்கு என்ன?

முருகதாஸ்: மூணரை வயசு இருக்கும். பெரியம்மைதான் கொண்டு ஏத்தி விடுவாவ. வண்டி நகந்ததும் டையக் கழத்தி சீட்டுக்கடியில எறிஞ்சிருவான். ஸ்கூல் வாசல் வந்தா கம்பியப் பிடிச்சுட்டு எறங்க மாட்டான். நான் ஒவ்வொரு விரலா எடுத்து விடணும்.

லீமா: தினமுமா?

முருகதாஸ்: தினமும். "அம்மைக்க ஸ்கூலுக்குப் போணும்"னு ஒரே பிடி. அவன் அம்மை எங்கயோ டீச்சராம்.

தாணம்மாள்: அப்படியா... எங்கயாம்?

முருகதாஸ்: நான் கேக்கல்ல. ஆனா எனக்குக் கோவம் வரும் பாத்துக்கிடுங்க. ஊர்ப்பிள்ளைக்கெல்லாம் படிப்பிக்கா, சொந்தப் பிள்ளைய எனக்கிட்ட ஏத்தி விட்டிருக்கா.

தாணம்மாள்: அவளுக்கு என்ன பயமோ. பி.எஸ்சி படிச்சவ பிள்ளைய சும்மா சோறு போடுத இடத்துல விட்டிருக்கான்னு மாப்பிளை வீட்டுல நாலு பேச்சு வந்திருக்கும். சொந்த ஊருல ஏத்தினா, டீச்சருக்க பிள்ளையே இங்கிலீஷ் ஸ்கூலுக்கான்னு ஊரு கேக்கும். அதான் அக்கா வீட்டு ஸ்டாப்பு.

முருகதாஸ்: நீங்க என்ன, கண்ட மாதிரி சொல்லுகிய?

தாணம்மாள்: ஒரு பேச்சுக்கு.

லீமா: அவன்... மத்தியானம் சாப்பிடுகானா?

முருகதாஸ்: எங்க? திரும்பி வாறப்போ டப்பாவ எனக்கிட்ட தந்து, "மாமா தின்னுங்க, வீட்டுல சொல்லாண்டாம்"பான். பொறவு அந்தக் காலி டப்பாவ வச்சுட்டு ஒரு விளையாட்டு. வேன்ல உள்ள பிள்ளையள வட்டமா இருத்தி, ஆளுக்கு ஒரு முட்டை வைக்கித மாதிரி வைப்பான். யாருக்கும் விட்டுப்போகாது. அப்பம் மட்டும் சிரிப்பான்.

தாணம்மாள்: ரெஜிஸ்டர எடுத்துத் தரட்டா டீச்சர்?

முருகதாஸ்: நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா? மொகம் என்னமோ மாதிரி ஆயிட்டு...

லீமா: இல்ல அண்ணாச்சி. இப்பந்தான் எனக்கு மூச்சு வருது. நாளைக்கி வட்டக்கோட்டை ஸ்டாப்புல வண்டிய நிப்பாட்டாண்டாம். அந்த ரெஜிஸ்டரத் தாங்க அக்கா, எழுதுகேன்... பத்து, லிஜோ. அம்மைக்க பேரு, லீமா.